குச்சவெளி பஸ்ஸில் வந்த குளிர்ப்பெட்டி

அன்புள்ள அக்கா,

ஆய்வு முடிந்துவிட்டது. இன்று காலை ஆய்வுகூடத்தின் உறைபெட்டியைத் துப்புரவாக்கினேன். ஆய்விலிருந்து நீக்கிய மாதிரிகளை அழித்துவிட வேண்டும் என்பது விதி. அடித்தட்டில் பனி படர்ந்த நான்கு குழாய்கள் கிடந்தன. பெயர் இல்லை, எண் மட்டும்தான். பனியைத் துடைத்து அதை வாசித்தேன். அவை உங்களுடையவை.

நரம்பு நோயாளர்களைப் பார்க்கும் நாளொன்றில்தான் உங்களைச் சந்தித்தேன். நடுங்கும் வலக்கையை இடக்கையால் அமர்த்திப் பிடித்தபடி கதிரையில் இருந்தீர்கள். குடலில் வாழும் பற்றீரியாக்களுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு, நெடுநாள் மன அழுத்தம் அவற்றை மாற்றுகிறதா, நடுக்குவாதம் வருவதில் அதற்குப் பங்கு உண்டா என்று ஆராய்கிறேன் எனச் சொன்னேன்.

"கவலை வயித்துக்க போய்த் தங்குமோ எண்டு கேக்கிறீங்களோ?"

"ஓம் அக்கா, அதைத்தான் தேடுறன்."

"தேட என்ன கிடக்கு? சண்டை நேரம் மகனைப் பிடிச்சுக்கொண்டு போன நாளில இருந்து எனக்கு வயிறு சரியில்லை. கை நடுங்கினது கன வருசத்துக்குப் பிறகு."

என் கேள்வித்தாளில், கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை பதற்றமாக உணர்ந்தீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தீர்கள். "தங்கச்சி, அவன் போனதுக்குப் பிறகு எனக்கு ஒரே மாசம்தான்." அந்தப் பதிலை எழுத என் தாளில் இடமில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மல மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் குச்சவெளியிலிருந்து கரையோரப் பாதை பஸ்ஸில் கொண்டு வருவதாக ஏற்றுக்கொண்டீர்கள். இரண்டாம் முறை வந்தபோது உங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பெட்டிக்குள்ள என்ன மீன் எண்டு ஒருத்தர் கேட்டவர். சூடை எண்டு சொன்னனான். தனக்கும் கொஞ்சம் தரட்டாம்!" நானும் கண்ணீர் வரச் சிரித்தேன்.

அதே நாளில்தான், சளி பிடித்து ஒரு கிழமை நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசை போட்டதாகவும் சொன்னீர்கள். நீங்கள் மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அந்தக் குளிசை குடலின் பற்றீரியாக்களையே மாற்றிவிடும். போட்டவர்களை ஆய்வில் வைத்திருக்க ஏலாது. நீங்கள் போனதும் உங்கள் படிவத்தில் "நீக்கப்பட்டது" என்று எழுதினேன். உங்களிடம் சொல்லவில்லை. போகும்போது, "என்ர சாமான் உங்களுக்கு உதவுதோ?" என்று கேட்டிருந்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்து இனி வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை சொல்லலாம் என்று இருந்தேன். மூன்றாம் முறையும் சொல்லவில்லை.

நான்காம் முறை பஸ்ஸால் இறங்கும்போது விழுந்தீர்கள். கால்கள் அப்போது நன்றாக விறைத்துப்போயிருந்தன. கம்பியைப் பிடித்திருக்க வேண்டிய கையில் பெட்டி இருந்ததாம். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது, இடுப்பெலும்பு முறிந்து கிடந்த நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பெட்டி உடையேல்லைத்தானே, தங்கச்சி?"

உடையவில்லை. எதற்கும் உதவாத அந்த மாதிரியையும் எண் எழுதி உள்ளே வைத்தேன். எறிய மனம் வரவில்லை.

நீங்கள் பிறகு எழும்பவேயில்லை. படுக்கையில் விழுங்குவதும் கடினமாகி, நெஞ்சில் சளி கட்டி, இரண்டு மாதத்துக்குள் போய்விட்டீர்கள். உங்களைப் பார்க்க வந்த நாட்களிலும் நீக்கியதைச் சொல்லவில்லை. உங்கள் வரவுகளால் எனக்குக் கிடைத்தது ஒன்றுதான்: இப்போது ஒருவரை நீக்கினால் அன்றைக்கே, முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். சிலர் அழுகிறார்கள். கோபிக்கிறவர்களும் உண்டு.

செத்த வீட்டுக்கு வந்தேன். உங்கள் மகள் என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தார்.

"மிஸ், அம்மா எல்லாரிட்டையும் சொல்லிக்கொண்டிருந்தவ. மகனைத் தேடிப் பிடிக்க ஏலாமப் போச்சு, ஆனா என்ர வருத்தத்தை வைச்சு நாலு பேருக்குச் சுகம் வரப் பண்ணுவன் எண்டு. அம்மா குடுத்த மாதிரியள் உதவினதுதானே?"

"ஓம்" என்றேன்.

அழுது வீங்கிய அந்த முகம் ஒரு கணம் தெளிந்தது. அதைக் கலைக்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை, அக்கா.