ஃப்ரிட்ஜில் மறந்த தட்டு

என் செல்லமே,

ஜெயித்துவிட்டேனடி! பனிப்பாறையிலிருந்து கொண்டுவந்த பாக்டீரியா வளர்ந்துவிட்டது!

பாவம், மெதுவாக வளர்கின்றனவே என்று நான்தான் அவற்றை வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளை வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்தேன். மறுநாளே எல்லாம் செத்துப்போயின. ஃப்ரிட்ஜின் மூலையில் நான் மறந்துபோன ஒரே தட்டில் மட்டும் ஆரஞ்சுப் புள்ளிகள் மொய்த்திருந்தன!

"உங்க அக்கறைதான் மேடம் அதுங்களைக் கொன்னுடுச்சு," என்று ஆய்வக உதவியாளர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அந்தப் பாக்டீரியாவின் நொதியை ஐஸ் தண்ணீரில் கலந்து, நீ கோபத்தில் விட்டுப்போன வெள்ளைச் சட்டையை முக்கினேன். எண்ணெய்க் கறை இருந்த இடமே தெரியவில்லை! இனித் துணி துவைக்க வெந்நீரே வேண்டாம்.

நீ தனியாக எடுத்திருக்கும் அறையில் ஹீட்டர் இல்லையாமே. நான் ஒன்றும் கேட்கவில்லை. உனக்கு அனுப்புவதற்காக வாங்கிய மூன்றாவது ஸ்வெட்டரை இன்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அம்மா