போத்தலுக்குள் ஊற்றிய மண்ணெண்ணெய்

கப்பல்துறை
14.2.1943

அன்புள்ள மகன் கனகசுந்தரத்துக்கு,

இங்கே எல்லோரும் சுகம், நீயும் கொழும்பில் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறோம். உன் சிநேகிதன் இரத்தினசிங்கம், சுகாதார இன்ஸ்பெக்டர் என்ற பெயரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய அநியாயம் செய்துவிட்டான். நீயோ போன கடிதத்தில், அவன் நல்லவன், ஊர் வம்பு உங்களுக்கு ஏன் என்று எனக்கே புத்தி எழுதுகிறாய். நடந்ததைக் கேள்.

மூன்றாம் வகுப்புச் சிவகாமிப்பிள்ளை ஆசிரியை, கடித்துக் காய்ச்சல் பரப்பும் நுளம்பு எப்படி உண்டாகிறது என்று பிள்ளைகள் கண்ணால் காணட்டும் என்று, போத்தல்களில் நுளம்புப் புழு விட்டு வாயைச் சீலையால் கட்டி வைத்திருந்தார். புழு கூனிப்போய், பிறகு தோல் வெடித்து நுளம்பாக எழும்புவதை உன் கடைசித் தங்கை ராசமலரும் மற்றவர்களும் பார்த்துப் பார்த்துச் சிலேற்றில் படம் கீறினார்கள். பொங்கல் கழிந்த கையோடு இந்த இரத்தினசிங்கம் வந்தான். "சண்டைக் காலத்தில நுளம்பு வளக்கிறியளோ ரீச்சர்? யப்பான்காரன் சம்பளம் தாறானோ?" என்று பிள்ளைகளுக்கு முன்னால் நக்கலடித்து, குசினி விளக்குக்கே கிடைக்காத மண்ணெண்ணெயைப் புழுக்கள் சாகப் போத்தல்களுக்குள் ஊற்றினான். ராசமலர் எழும்பி, "ஐயா, இது பின்னால குழியில அள்ளினது, அங்க இன்னும் கனக்கக் கிடக்கு" என்றாளாம். அவன் எட்டியும் பார்க்கவில்லை. குண்டு விழுந்தால் ஒளிக்க வெட்டிய குழி அது, மாரித் தண்ணீர் நிறைந்து நாறுகிறது. அதைத் தூர்க்கும்படி ஆசிரியை பலதரம் சொல்லியும் பள்ளிக்கூட மனேச்சர் கேட்கவில்லை. இப்போது அதே மனேச்சர், நுளம்பு வளர்த்த குற்றத்துக்கு அவரை மாதம் முடிய இலங்கைத்துறைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுகிறாராம். நான் போய்க் கேட்டேன். "பெரியவர், எங்கட பிள்ளையளுக்கு வாசிப்பும் கணக்கும் காணும், பூச்சி பாக்கிற படிப்பு என்னத்துக்கு?" என்றார். "வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளையெண்டு காய்ச்சல் விலகிப் போகுமோ?" என்றேன். கதவைச் சாத்திவிட்டார். கடையில் சாமானுக்குச் சரை சுற்றி வந்த தாள்களைக் கூட்டி வாசித்துப் படித்தவன் நான். தானே பார்த்து அறிகிற படிப்பை ஒரு பிள்ளையிடமிருந்து பறிப்பது எவ்வளவு பாவம் என்று எனக்கு நீ சொல்ல வேண்டாம்.

அம்மன் உன்னைக் காப்பாள். நேரத்துக்குச் சாப்பிடு, காய்ச்சல் வராமல் கொய்னா குளிசையை விடாதே. கடிதம் கண்டவுடன் உன் சிநேகிதனுக்கு எழுது. அவன் வந்து அதே பிள்ளைகளுக்கு முன்னால் ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அந்தக் குழியைத் தூர்க்க ஆள் விட வேண்டும். மனேச்சர் மாற்றத்தை நிறுத்த வேண்டும். நீ நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி ஆசிரியை பெயருக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைகளைப் பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு மனேச்சர் வாசலில் போய் இருப்பது என் வேலை, அவர் கதவைத் திறக்கும்வரை எழும்பமாட்டேன்.

உன் அப்பா,
சாமித்தம்பி