ரோட்னி வேண்டாம் என்று சொன்ன சனிக்கிழமை

கனோரா, சஸ்காட்செவன்
ஜனவரி 8, 2014

அன்புள்ள ஓரெஸ்ட் அண்ணா,

அன்று பேருந்து நிலையத்தில் "போகாதே" என்று நான் சொல்லவில்லை. "கம்பளி சாக்ஸ் போட்டிருக்கியா?" என்றுதான் கேட்டேன். நீயும் ஒரு காலைத் தூக்கிக் காட்டிவிட்டு ஏறிவிட்டாய்.

டின் திறப்பான் எங்கே என்று அன்று காலையில் மூன்று முறை கேட்டாய். மூன்றாம் முறை கேலி செய்கிறாய் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன். ஐஸ் ஹாக்கியில் தலையில் பட்ட அடிக்காக டாக்டர் உனக்குப் போன் திரையே ஆகாது என்றது ஒரு வகையில் நல்லது. பேச்சில் வராதது எனக்குக் காகிதத்தில் வரும்.

இனி ஐஸில் சண்டை போடாதே, அண்ணா. கேட்டுவிட்டேன்.

"ஏழாந்தேதி நம்ம உக்ரைன் கிறிஸ்துமஸ், ஆறாந்தேதி பஸ் ஏறுறவன் என்ன புள்ள!" என்று அம்மா இன்னும் புலம்புகிறாள். உன் பங்கு பெரோகிக் கொழுக்கட்டை உறைபெட்டியில் இருக்கிறது. தொட்டால் என் கையை உடைப்பாளாம். உன் தொழில் யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன்.

தங்கை டாரியா

மார்லோ ஃபால்ஸ்
ஜனவரி 20

நூலகத்து மகாராணிக்கு,

எட்டு வருடத்தில் நான் போட்ட கோல் ஐந்து. சண்டை போடாதே என்றால் நான் ஐஸில் நின்று என்ன செய்ய, கவிதை படிக்கவா? நம் ஆட்டக்காரர்களை எவனும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அணிக்கு ஒரு அடியாள் இருந்த காலம் போய், இப்போது லீக் முழுவதற்கும் இரண்டே பேர்: நானும் ரோட்னி பெல்டியரும். மற்ற அணிகள் எங்கள் வகையறாவை அனுப்பிவிட்டு, வேகமாக ஓடும் பொடியன்களை எடுத்துவிட்டன.

கோச் நேராகவே சொல்லிவிட்டார்: "பிப்ரவரி பதினஞ்சு, ரோட்னிய ஒரு பிடி பிடி. கூட்டம் எழுந்து நின்னா இந்த சீசன் முழுக்க நீ இருக்கலாம். இல்லேன்னா எனக்கும் ஓடுற பையன்தான் வேணும்."

ரோட்னியை நினைத்துப் பயப்படாதே. பதினான்கு முறை மோதியிருக்கிறோம், ஒவ்வொரு முறையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டுதான். "போடலாமா?" என்பான் ஒருவன். "வா" என்பான் மற்றவன். பிறகுதான் கையுறை விழும். கேட்காமல் அடிப்பவனை எங்கள் ஆட்களே மதிக்க மாட்டார்கள். வருடா வருடம் நமக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறவன் அவன். அம்மா ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருப்பாள், பார்.

ஓரெஸ்ட்

மார்லோ ஃபால்ஸ்
பிப்ரவரி 17

டாரியா,

கூட்டம் எழுந்து நின்றது. சிரிப்பதற்காக.

"போடலாமா ரோட்னி?" என்றேன். பதினான்கு முறையும் ஒரே பதில்தானே என்று, பதில் வருவதற்குள் கையுறையை உதறி, மட்டையையும் எறிந்துவிட்டு, முஷ்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

"இன்னிக்கு வேணாம்டா" என்றான்.

அந்த நேரம் பார்த்து வட்டு அவன் மட்டையில் வந்து நின்றது. "சாரிடா ஓரெஸ்ட்!" என்று கத்திக்கொண்டே என்னைச் சுற்றிப் போய் கோல் போட்டுவிட்டான். மூன்று வருடத்தில் அவனுக்கு முதல் கோல். நான் வெறுங்கையோடு, போட்டோவுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றேன். எங்கள் கோல்கீப்பரே சிரித்தான்.

வெளியே வண்டிகளுக்கு நடுவில் அவனைப் பிடித்தேன். "ஏண்டா இப்படிப் பண்ணுன?"

"உங்க வீட்டுல கேளு."

வீட்டில் என்ன கேட்பது? கோச் என்னோடு இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓரெஸ்ட்

கனோரா
பிப்ரவரி 24

அண்ணா,

நான்தான்.

ஃபிரிட்ஜில் இருந்த வாழ்த்தின் உறையில் ரோட்னியின் முகவரி இருந்தது. டின் திறப்பானைப் பற்றி அவருக்கு எழுதினேன். வேறொன்றும் எழுதவில்லை, "இந்த ஒரு முறை வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்பதைத் தவிர. அவர் பதில் சொல்லும் முன்பே நீ கையுறையை உதறுவாய் என்றோ, அவர் கோல் போடுவார் என்றோ நான் நினைக்கவில்லை. வானொலியில் வர்ணனையாளருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மா அதை அணைத்துவிட்டு, "நல்லா வேணும்" என்று சொல்லி அழுதாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

உன் வேலை போனால் அது என்னால்தான்.

டாரியா

மார்லோ ஃபால்ஸ்
மார்ச் 10

டாரியா,

இரண்டு நாள் உன் கடிதத்தைக் கவிழ்த்து வைத்திருந்தேன். கேட்காமல் அடிப்பவனைப் பற்றி எழுதியிருந்தேனே, நம் வீட்டில் அது நீதான் என்று நினைத்தேன். பிறகு உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். நீ கேட்டிருக்கிறாய். நான்தான் பதில் சொல்லாமல் கவிதை, மகாராணி என்று ஏதேதோ எழுதியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கோச் கை குலுக்கி அனுப்பிவிட்டார். ரோட்னியையும் அதே வாரம் அனுப்பிவிட்டார்கள், கோல் போட்டும். "பெரோகி இருக்காடா உங்க வீட்ல?" என்று கேட்டான். சனிக்கிழமை பஸ்ஸில் இருவரும் வருகிறோம். அம்மாவிடம் நீயே சொல்.

டின் திறப்பான் இரண்டாவது இழுப்பறையில், கரண்டிகளுக்குப் பின்னால். யாரையும் கேட்காமல் எழுதுகிறேன்.

ஓரெஸ்ட்

பி.கு.: என் இடத்துக்குப் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வந்திருக்கிறான். நேற்று அவனுடைய முதல் ஆட்டம். மேலே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு கோல் போட்டான். யாரும் அவனைத் தொடவில்லை.