குளியல் மண்டபத்து நீலக் கல்

பாப்பா,

ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெளியில். பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்துத் தீர்க்கிறது. இன்று ஏழாம் வகுப்பை ரோமானிய இடிபாடுகளுக்கு அழைத்துப் போகிறேன். போன வாரம் உன் வகுப்புச் சுற்றுலாவில், குளியல் மண்டபத் தரையிலிருந்து நீ பெயர்த்து வந்த நீலக் கல்லை அங்கே ஒப்படைத்துவிடுவேன். யார் எடுத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்வேன். அது முழுப் பொய்யில்லை.

சாப்பாடு அடுப்பின் மேல். நேற்று மாதிரி பட்டினி கிடக்காதே. "டீச்சர் பொண்ணே திருடலாமாடி?" என்று நான் கத்தியிருக்கக் கூடாது.

அம்மா

பி.கு.: என் மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருக்கும் செங்கல் துண்டைத் தேடாதே. அதுவும் என் பையில்தான் இருக்கிறது. உன் வயதில், அதே மண்டபத்திலிருந்து நான் எடுத்து வந்தது.