துவைக்கிற மேடைக்குள் தேரை

மரக்காணம்,
ஆவணி 12

அன்புள்ள பூவிழி அப்பாவுக்கு மலர்கொடி எழுதிக்கொள்வது. போனில் எது சொன்னாலும் "ம்" என்பதோடு முடித்துவிடுகிறீர்கள். உங்களோடு வேலை பார்க்கிற சுரேஷ் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுசாகப் படியுங்கள்.

அடுத்த மாதம் பூவிழிக்கு வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்கு வருகிற பெண்ணுக்கு ஒரு பாத்ரூமாவது வேண்டாமா? நீங்கள் மஸ்கட் போகுமுன் கொல்லையில் போட்ட துணி துவைக்கிற மேடையை இடித்துவிட்டு அந்த இடத்தில் கட்டலாம் என்று மேஸ்திரி தனக்கோடியைக் கூப்பிட்டேன். கடப்பாரையால் நாலு போடு போட்டார், மேடை பிளந்தது. உள்ளே உயிரோடு ஒரு தேரை! கொழுக்கட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்தது. "எட்டு வருஷமா சோறு தண்ணி இல்லாம உசுரோட இருக்குதுங்க. இது சாமி, நான் கை வைக்க மாட்டேன்" என்று தனக்கோடி கிளம்பிவிட்டார்.

அப்புறம் தெருவே நம் கொல்லையில்தான். மஞ்சள், குங்குமம், கற்பூரம், வீடியோ வேறு. எட்டு வருடமாக நானும்தான் நீங்கள் இல்லாமல் இந்த வீட்டுக்குள் கிடக்கிறேன். எனக்கு எவள் கற்பூரம் காட்டினாள்?

சாமியாவது பூதமாவது! நல்ல மணல் கிடைக்கவில்லை என்று உப்பளத்து மண்ணை அள்ளி வந்து சிமெண்டில் கலந்தது யார்? வேண்டாம் வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேனே, கேட்டீர்களா? உப்பு அரித்து மேடை உள்ளே பொந்தாகிவிட்டது. ஓரத்தில் விரல் நுழைகிற ஓட்டை. குட்டியாக இருந்தபோது அது வழியாகப் போயிருக்கிறது. பூச்சி எறும்பு தின்று பெருத்துவிட்டது. வெளியே வர அந்த ஓட்டை போதவில்லை. அவ்வளவுதான் அதிசயம்.

நானே அதை வாளியில் எடுத்துப்போய் ஏரிக்கரையில் விட்டேன். மிச்ச மேடையையும் நானே இடித்தேன். கையெல்லாம் கொப்புளம்.

அதற்குள் கிளியனூரில் சம்பந்தியம்மா ஜெயா வீடியோவைப் பார்த்துவிட்டார்கள். தேரை மேலே விழுந்தால் பிறக்கிற பிள்ளை நோஞ்சானாகிவிடுமாம், மாசமாக இருக்கிறவளை அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம். தேரை போய்விட்டது என்று எவ்வளவோ கெஞ்சினேன். "அவங்க அப்பா நேர்ல வந்து கூப்பிடட்டும், அப்ப பாக்கலாம்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்கள். பூவிழி தினமும் போனில் அழுகிறாள்.

இரண்டே வருடம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நடுவில் அவள் கல்யாணத்துக்குப் பத்து நாள் விருந்தாளி மாதிரி வந்தீர்கள். கேட்டால் இந்த காண்ட்ராக்ட் முடியட்டும் என்கிறீர்கள். எத்தனை காண்ட்ராக்ட்? அந்தத் தேரை வெளியே வரக் கடப்பாரை வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரு டிக்கெட் போதும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பூவிழி உங்கள் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நானும்தான், அதைத் தனியாகச் சொல்லவா வேண்டும்?

இப்படிக்கு,
மலர்கொடி