மீன் டெம்போவில் பழவேற்காடு

17 மே 2003, சனி. பழவேற்காடு.

குடும்பத்தோடு வெளியூர் கிளம்பியது இதுதான் முதல் தடவை. அவருடைய மீன் டெம்போவை பினாயில் ஊற்றிக் கழுவி, தார்ப்பாய் கட்டி, பாயும் ஸ்டவ்வும் ஏற்றினோம். ராத்திரி அதிலேயே படுக்கை. நாத்தனார் மலர் எங்கள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறிக்கொண்டாள். நான் முன்னால், அவர் பக்கத்தில். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் அப்படித் தனியாகப் போனதே இல்லை.

மீஞ்சூர் தாண்டியதும் பின்னாலிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

"இன்னா சத்தம்?" என்றார்.

"ஸ்டவ் ஆடுது போல" என்றேன்.

மலர்தான் தட்டுகிறாள் என்று எனக்குத் தெரியும். நிறுத்தினால் பாப்பா முன்னால் வந்துவிடுமே என்றுதான் அப்படிச் சொன்னேன்.

இங்கே வந்து தார்ப்பாயை அவிழ்த்தால், மீன் நாற்றத்திலும் வெக்கையிலும் வாந்தியெடுத்து, பாப்பா துவண்டு கிடந்தது. மலர் துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்தாள். உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்த பிறகுதான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது.

அழுதேன். மலர்தான் தேற்றினாள். "நீ இன்னா பண்ணுவ அண்ணி, வண்டி சத்தத்துல கேட்டிருக்காது."

கேட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்குப் போம்போது நான் பின்னாடி குந்திக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"வேணாம் அண்ணி. அந்த நாத்தம் உனுக்கு ஒத்துக்காது" என்றாள்.