பெல்ட் கம்பெனிக்கும் தாமலுக்கும் ஒரே கம்பி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை. தயிர் புளித்துவிட்டது.

என் வயலில் மின்கம்பம் நட விட நான் மறுத்துவிட்டேனாம். சின்ன காஞ்சிபுரம் முழுக்க இதே பேச்சு. தவறு. மறுக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டேன், பதில் வரவில்லை, கையெழுத்துப் போடவில்லை. அவ்வளவே. இன்று காய்கறி வண்டியருகே என் காதுபடவே: "கான்வென்ட்ல படிச்ச திமிருப்பா. மிலிட்டரி வேலையையே நிறுத்தி வெச்சிக்கினு இருக்குது அந்தம்மா." திரும்பிப் பார்த்தேன். எல்லோருக்கும் உடனே கத்தரிக்காயில் அக்கறை.

விஷயம் இதுதான். தாமலில் என் வயலை அடுத்துப் பெல்ட் கம்பெனி. பாராசூட்டுக்கு நாடா நெய்து ராணுவத்துக்கு அனுப்புகிறது. அதற்குப் புதிய மின்கம்பி. நேர்வழி என் வயல். தாராளமாக நடட்டும். ஆனால் ஊர்த் தலைக்கு மேலே போகிற மின்சாரம் ஊருக்கும் இறங்குமா? கேட்டேன். மின்சார அலுவலகத்து உ.பொ. (உதவிப் பொறியாளர், இளைஞர், சட்டை மடிப்புக் கலையாதது) தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் மேல கேக்கணும் மேடம்."

மாலை முனுசாமி போன். என் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுபவர். மோட்டார் மறுபடி எரிந்துவிட்டது. "வோல்டேஜ் பத்தலம்மா. உறுமிக்கினே இருந்துச்சு, அப்பால ஒரே பொக." நாற்று வாடுகிறதாம்.

ஜூலை 9, புதன்

மூக்குக் கண்ணாடி கிடைத்தது (அரிசி டப்பாவின் மேல்). பல்பு வாங்க வேண்டும். முருங்கைக்கீரை வேண்டாம், நேற்றும் அதுவே.

செல்வி வந்தாள். பக்கத்துத் தெருவில் பட்டு நெய்தவள். கல்யாணமாகித் தாமல் போனாள், இப்போது பெல்ட் கம்பெனியில் தறி.

"உங்களப் பத்தி அங்க இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா?"

"சொல்."

"கரண்ட்ட பீரோல வெச்சுப் பூட்டிக்கினீங்களாம்."

சிரித்துவிட்டேன். அவளுக்குத் தைரியம் வந்தது. "திட்டுறதுக்காவது ஒருதபா வந்து பாருங்கம்மா."

போகலாம். பார்க்காமல் பேசுவது என் வழக்கமல்ல.

ஜூலை 11, வெள்ளி

எப்படி எழுதுவது.

கொட்டகை முழுக்கத் தறிகள். தரையே அதிர்கிறது. காதில் பஞ்சு. தலையில் பூ, காலில் பூட்ஸ், தாமல் பெண்கள். தறியிலிருந்து இறங்குவது புடவைக் கரை அகலமே உள்ள பச்சை நாடா. கையில் வாங்கினேன், கனமே இல்லை. பிறகு இழுத்துச் சோதிக்கும் இயந்திரத்தில் மாட்டினார்கள். இழுத்தது. இன்னும் இழுத்தது. நாடா விறைத்துக் கம்பிபோல் நின்றது, அறவில்லை. பெருமாள் தேர் வடம் நினைவுக்கு வந்தது. என் மணிக்கட்டைவிடப் பருமன் அது. இதற்கு இவ்வளவு பலம் எங்கிருந்து?

செல்வியின் தறியில் நாடாவின் ஓரத்தில் சிவப்பு நூல் தொங்கியது. அலங்காரமா என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

பட்டில் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியாமல் முடிச்சுப் போடுவதுதான் பெருமை. இங்கே வந்த புதிதில் அவளும் அப்படியே முடிச்சுப் போட்டிருக்கிறாள். "மேஸ்திரி கண்ணாடி போட்டுத் தேடுனாரும்மா, ஆப்டல. நான் மெதப்புல நின்னுக்கினு இருந்தேன். மிஷின் இழுத்துச்சு பாருங்க, கரெக்டா அந்த எடத்துல பட்டுனு போச்சு!" சுருள் முழுவதும் கழிவு. அன்று முதல் முடிச்சுப் போடுவதில்லை. இழை அறுந்த இடத்தில் சிவப்பு நூல் கட்டி எல்லோருக்கும் காட்டுகிறாள், அந்தத் துண்டை வெட்டி எடுக்கிறார்கள்.

"இதுல தொங்கப்போறது எவ பெத்த புள்ளையோ. மறைக்கலாமா?"

வெள்ளக் காலத்தில் ஹெலிகாப்டரிலிருந்து அரிசி மூட்டை இறக்குவதும் இதே நாடாவில்தானாம். ஆகாயத்தில் ஒருவன், தண்ணீர் சூழ்ந்த கூரைமேல் ஒரு குடும்பம். இருவரையும் பிடித்திருப்பது இந்தப் பெண்களின் கை.

அப்போது விளக்கு மங்கியது. தறிகள் ஒவ்வொன்றாக முனகி நின்றன. அப்படி ஒரு அமைதி. யாரும் திட்டவில்லை. எல்லோர் கையும் சிவப்பு நூலுக்குப் போனது. பாதியில் நின்ற நெசவை நம்பக் கூடாதாம், அதையும் வெட்ட வேண்டும்.

வெளியே வந்து முனுசாமிக்குப் போன் செய்தேன். "எரிஞ்சதுக்குப் பதிலா கடன் வாங்குன மோட்டாரும்மா. தோ, இப்பதான் நின்னுபோச்சு."

அதே நொடி. இங்கே தறி, அங்கே கிணறு. இரண்டும் ஒரே மெலிந்த கம்பியின் நுனியில். வாலாஜாபாத்தில் எங்கள் அரிசி ஆலையை என் கணவர் இருந்தவரை நடத்தினோம். மின்சாரம் எனக்குப் புதிதல்ல. இன்றுதான் அதைப் பார்த்தேன் என்று தோன்றுகிறது.

ஜூலை 12, சனி

தூறல். துணி நனைந்தது.

உ.பொ. வந்தார். காபி கொடுத்தேன். நிலம் தருகிறேன், பேரம் இல்லை, கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது என்றேன். முகம் மலர்ந்தது. "ஊருக்கும் கண்டிப்பா குடுப்போம் மேடம். நான் சொல்றேன்ல."

"நீங்க மாற்றலாகிப் போயிட்டா?"

"அதுக்கெல்லாம் எழுதித் தர மாட்டாங்க மேடம். நம்புங்க."

"அது பட்டு முடிச்சு தம்பி. இழுத்தா அறும்."

விளங்காமல் பார்த்தார். செல்வியைக் கேளுங்கள் என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

முனுசாமியின் நாற்று இந்த வாரம் தாங்கும். அதற்கு மேல் சொல்வதற்கில்லை என்கிறார். கம்பெனியும் காத்திருக்கிறது. தாமதம் என்னால் கூடாது. சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு உறையில் வைத்துவிட்டேன். அதன் ஓரத்தில், பதில் விடுபட்ட இடத்துக்கு அடையாளமாக, செல்வி கொடுத்த சிவப்பு நூல், ஊசியால் கோத்து. கூடவே உ.பொ.வுக்கு மேலதிகாரியான செயற்பொறியாளருக்குக் கடிதம். நகல் இங்கே:

ஐயா, என் வயலில் கம்பம் நடச் சம்மதம். நாளையே தொடங்கலாம். இதே கம்பியிலிருந்து தாமல் வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் மின்சாரம் தரப்படுமா? பற்றாக்குறை வந்தால் முதலில் யாருக்கு நிறுத்துவீர்கள்? இவ்விரண்டுக்கும் எழுத்து மூலம் பதில் அனுப்பவும்.